நாலு எண்ணை எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

2023 மே 4, கேள்வி

டிஸ்கார்ட் அரட்டைத் தளத்தில் பெயருக்குப் பின்னால் #4821 மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் நாலு எண்ணை எடுக்கப் போகிறார்கள். இனி ஆளுக்கொரு தனி யூசர்நேம். மற்ற தளங்களில் எல்லாம் இப்படித்தானே இருக்கிறது? அந்த எண் எனக்கே நினைவில் இல்லை. எதற்கு இத்தனை எதிர்ப்பு? என்ன குறைந்துவிடும்?

2023 மே 4, பதில்

நிறையவே குறையும்.

அந்த எண்ணின் வேலை என்னவென்று முதலில் பார்ப்போம். ஒரே பெயரை 9,999 பேர் வைத்துக்கொள்ள வழி செய்தது அதுதான். 0001 முதல் 9999 வரை ஆட்களுக்கு, 0000 வெப்ஹூக்குகளுக்கு (வேறு செயலிகள் தானாகச் செய்தி அனுப்பும் வழி). புதிதாகச் சேருபவர் தன் பெயரைத் தட்டுவார், காலியாக இருக்கும் எண்களில் ஒன்றை தளமே எடுத்து ஒட்டிவிடும். "இந்தப் பெயரை வேறொருவர் எடுத்துவிட்டார்" என்று கேட்க வேண்டிய அவசியம் அந்த 9,999 இடமும் நிரம்பிய பெயர்களுக்கு மட்டும்தான் வரும். 2015இல் சேர்ந்தவரும் நேற்று சேர்ந்தவரும் ஒரே பெயரோடு சமமாக இருக்கலாம்.

புதிய விதி: 2 முதல் 32 எழுத்து. ஆங்கிலச் சிற்றெழுத்து 26, எண் 10, அடிக்கோடு, புள்ளி. மொத்தம் 38 குறிகள், அவ்வளவுதான். இடைவெளி கிடையாது, பெரிய எழுத்து கிடையாது, வேறு எந்த மொழியின் எழுத்தும் கிடையாது. அவையெல்லாம் டிஸ்ப்ளே நேமில், அதாவது அரட்டையில் மற்றவர்களுக்குத் தெரியும் பெயரில் மட்டும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு எழுத்துப் பெயர்கள் 38 × 38 = 1,444. மூன்றெழுத்தில், எண்ணும் குறியும் இல்லாமல் வெறும் எழுத்து மட்டும் வேண்டுமென்றால் 26 × 26 × 26 = 17,576. மாதம் 15 கோடிப் பேர் வந்துபோகும் இடம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. நேற்றுவரை தாராளமாகக் கிடைத்த ஒன்று இன்று தட்டுப்பாட்டுப் பொருள் ஆகிறது. என் எதிர்ப்பு இதற்குத்தான். எண் அழகாக இருந்ததா இல்லையா என்பது எனக்குப் பொருட்டே இல்லை.

2023 மே 4, இரவு

மேலே ஒரு சின்னத் திருத்தம். அடுத்தடுத்து இரண்டு புள்ளி வரக்கூடாது என்றும் விதி இருக்கிறது. ஆகவே இரண்டெழுத்துப் பெயர் 1,443.

2023 மே 6

"பாதி ஃபிரெண்ட் ரெக்வஸ்ட் தோற்றுப்போகிறது என்று அவர்களே புள்ளிவிவரம் தருகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நிறுவனரில் ஒருவரான ஸ்டானிஸ்லாவ் விஷ்னெவ்ஸ்கி மே 3 அறிவிப்பில் சொன்னது இரண்டு விஷயம். 40 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்குத் தங்கள் எண் நினைவில் இல்லை, அல்லது அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஏறக்குறைய பாதி ரெக்வஸ்ட் சரியான ஆளிடம் போய்ச் சேருவதில்லை. அதற்குக் காரணமாக அவர்கள் சொல்வதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: எண் விடுபடுவது, கூடவே பெரிய எழுத்து சிறிய எழுத்து பிசகுவது.

இந்த இரண்டாவது காரணத்துக்கு எண்ணை எடுக்கத் தேவையே இல்லை. தேடும்போது இரண்டையும் சிற்றெழுத்தாக மாற்றி ஒப்பிட்டால் முடிந்தது. ஒரே பெயரைப் பெரிய எழுத்தில் ஒருவரும் சிறிய எழுத்தில் ஒருவரும், அதே எண்ணோடு வைத்திருந்தால்தான் மோதல். அப்படி மோதுகிறவர்களுக்கு மட்டும் வேறு எண் கொடுத்தால் போதும். இதில் யார் பெயரும் பறிபோகாது.

முதல் காரணம், எண் நினைவில் நிற்காதது. நினைவில் வைக்க வேண்டிய அவசியம்தான் என்ன? கணினியில் இடது கீழ்மூலையில் இருக்கும் உங்கள் பெயரை ஒரு முறை தட்டினால் பெயரும் எண்ணும் சேர்ந்து நகலாகிவிடும். நகல் எடுத்து அனுப்புவதுதான் வழி. இது தெரியாதவர்கள் ஏராளம், ஏனென்றால் அங்கே எந்தப் பொத்தானும் இல்லை, எந்தக் குறிப்பும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு பொத்தான், ஃபோனில் ஸ்கேன் செய்ய ஒரு க்யூஆர், எண் இல்லாமல் பெயரை மட்டும் தட்டினால் ஒரே சர்வரில் (டிஸ்கார்டில் ஒரு குழுவின் இடம்) இருக்கும் அதே பெயர்க்காரர்களை முதலில் காட்டுவது. இந்த மூன்றையும் செய்துவிட்டுப் பிறகும் பாதி தோற்றால் எண்ணைக் குறை சொல்லலாம்.

2023 மே 9

தமிழ் எழுதுகிறவர்களுக்கு இதில் தனியாக ஒரு இழப்பு இருக்கிறது. ஒருவருமே இதைப் பேசவில்லை.

இதுவரை யூசர்நேமே தமிழில் இருக்கலாம். "யாழினி" என்று எழுதி எண்ணோடு கொடுத்தால் அதையே தட்டி ஆளைச் சேர்க்கலாம். இனி அந்தப் பெயர் டிஸ்ப்ளே நேமுக்குப் போய்விடும். டிஸ்ப்ளே நேமைத் தட்டி யாரையும் நட்பில் சேர்க்க முடியாது.

ஆங்கில எழுத்தில் மாற்றி எழுதிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். யாழினியின் ழகரத்துக்கு இசட்-எச் போடுவீர்களா, வெறும் எல் போடுவீர்களா? முதல் நெடிலுக்கு ஒரு ஏயா, இரண்டு ஏயா? இரண்டும் இரண்டும் பெருக்கினால் நாலு வடிவம். கீர்த்தனாவுக்கு முதல் எழுத்தில் இரட்டை ஈயா ஒற்றை ஐயா, தகரத்துக்கு டி-எச்சா வெறும் டியா, கடைசியில் ஒரு ஏயா இரண்டா: எட்டு வடிவம். தமிழில் ஒரே எழுத்துக்கோவை, அந்தப் பக்கம் எட்டு. வாயால் பெயரைச் சொன்னால் கேட்டவர் எட்டில் எதைத் தட்டுவார்? நாலு எண்ணை மறப்பதைவிட இது பெரிய தொல்லை.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். அரன், அரண், அறன் மூன்றும் தமிழில் வெவ்வேறு சொற்கள். ஆங்கில எழுத்தில் மூன்றும் ஒன்றே. வள்ளி, வல்லி அப்படித்தான். தமிழில் மோதாத பெயர்கள் அங்கே போய் ஒரே இடத்துக்குச் சண்டை போடும்.

2023 மே 10

மேலே எழுதியதை நானே கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். "எண்ணை எடுக்கட்டும், எல்லா மொழி எழுத்தையும் விடட்டும்" என்று சிலர் கேட்கிறார்கள். தனிப்பெயர் விதியோடு அது சேராது. ஏன் என்பதற்குத் தமிழிலேயே நல்ல உதாரணங்கள் உண்டு.

தமிழ் எண் ௧, எழுத்து க. ௭, எ. ௮, அ. ௨, உ. பார்வைக்கு ஒன்று, யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்குத் தரும் குறியீட்டுப் பட்டியல்) வேறு. ஔகாரத்தின் நீட்டல் குறி ௗ தனியாக வந்தால் ள மாதிரியே இருக்கும். ஸ்ரீ என்பதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. கோ என்பதை க, ோ என இரண்டு குறியாகவும் சேமிக்கலாம், க, ே, ா என மூன்று குறியாகவும் சேமிக்கலாம். கடைசியாகச் சொன்னதை ஒரே எழுத்தின் இரு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கம் சரிசெய்துவிடும். மற்றவற்றை அது தொடாது. அவற்றுக்கு ஒரே மாதிரித் தெரியும் எழுத்துகளின் பட்டியல் தனியாக வேண்டும்.

ஆக, பெயர் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்றால் எழுத்துகளைக் குறுக்கத்தான் வேண்டியிருக்கும். இதில் அவர்கள்மீது குற்றமில்லை. ஆனால் இதுவே எண்ணுக்கு ஆதரவான வாதமும் ஆகிறது. எண் இருந்தவரை பெயர் தனித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அதனால் எந்த எழுத்தையும் விடலாம். எண்ணோடு சேர்ந்து போவது நம் எழுத்து.

2023 மே 12

"எண் இருந்ததால் ஆள்மாறாட்டம் குறைவு" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். எதிர்ப்பவன் என்பதற்காக நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எண்ணைப் பார்த்துச் சரிபார்த்தவர்கள் சிலரே. அதே பெயர், அதே படம், வேறு எண் என்று ஏமாற்றுவது ஏற்கெனவே நடந்ததுதான்.

புதிய முறையில் அது குறையுமா? குறையாது. அரட்டையில் பளிச்சென்று தெரிவது டிஸ்ப்ளே நேம். அது யாருக்கும் சொந்தமில்லை, எத்தனை பேரும் ஒரே மாதிரி வைக்கலாம். யூசர்நேமைப் பார்க்க ஆளின் விவர அட்டையைத் திறக்க வேண்டும். திறந்தாலும், சிற்றெழுத்து எல்லும் எண் 1ம், ஓவும் 0வும், ஆர்-என் சேர்ந்தால் எம் மாதிரி தெரிவதும் அப்படியே இருக்கின்றன. பெரிய எழுத்து ஐ போனது ஒரு நன்மை, சொல்லிவிட வேண்டும்.

புள்ளியும் அடிக்கோடும் வேறு தொல்லை. பெயரின் கடைசியில் புள்ளி இருந்தால், வாக்கியத்தின் முடிவில் எழுதும்போது அது முற்றுப்புள்ளி என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் நிறுத்தக்குறி வாசிப்பைக் குறைத்து வைத்திருந்தால் அது காதிலேயே விழாது. முன்னும் பின்னும் அடிக்கோடு உள்ள பெயரை டிஸ்கார்ட் அரட்டையிலேயே தட்டிப் பாருங்கள்: எழுத்தை வடிவமைக்கும் மார்க்டவுன் குறிமுறை அதைச் சாய்வெழுத்தாக்கி இரண்டு அடிக்கோட்டையும் தின்றுவிடும். பெயரைச் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு அடிக்கோட்டுக்கும் முன்னால் பின்சாய்வுக் கோடு போடுங்கள், அல்லது முழுப்பெயரையும் பேக்டிக் (`) குறிகளுக்குள் வையுங்கள்.

2023 மே 15

தனியுரிமை பற்றி. இந்த மாற்றத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான்.

வேறொரு தளத்தில் உங்கள் பெயரைத் தெரிந்துகொண்ட ஒருவர் டிஸ்கார்டில் உங்களைப் பிடிக்க, நேற்றுவரை எழுத்தின் பெரிது சிறிதும் சரியாக இருக்க வேண்டும், கூடவே 9,999 எண்களில் ஒன்றையும் ஊகிக்க வேண்டும். நாளை முதல் ஒரே முயற்சி. தொந்தரவு செய்கிறவர்களிடமிருந்து விலகி இருக்க நினைப்பவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கும் சிறு வயதினருக்கும், அந்த எண் யாரும் கேட்காமலே ஒரு வேலி போட்டுத் தந்திருந்தது.

செய்ய வேண்டியவை: அமைப்புகளில் ஃபிரெண்ட் ரெக்வஸ்ட் பகுதிக்குப் போங்கள். மூன்று சுவிட்ச் இருக்கும்: எல்லோரும், நண்பர்களின் நண்பர்கள், சர்வர் உறுப்பினர்கள். முதலாவதை அணைத்தால் முன்பின் தொடர்பில்லாதவர் ரெக்வஸ்ட் அனுப்ப முடியாது. பெரிய பொது சர்வர்களில் இருப்பவர்கள் மூன்றாவதையும் அணையுங்கள், இல்லையென்றால் முதலாவதை அணைத்தும் பயனில்லை. புதிய யூசர்நேமாக வேறெங்கும் பயன்படுத்தாத சொல்லை எடுங்கள். உண்மைப் பெயர் வேண்டாம். பழக்கமான பெயரை டிஸ்ப்ளே நேமில் வைத்தால் நண்பர்களுக்கு அது தெரியும்.

2023 மே 16

"நல்ல பெயரை முந்திப் பிடித்து வைப்போம், பிறகு விற்கலாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். செய்யாதீர்கள். குட்டிப் பெயர்களுக்கு விலை வந்துவிட்டால் அதை வைத்திருப்பவர்தான் குறி. கடவுச்சொல் திருட்டு, சிம் மாற்று மோசடி, மிரட்டல் என்று போகும். 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ட்விட்டர் பெயர் ஒன்றைக் கேட்டு மிரட்டிய கும்பல் பொய்ப் புகார் கொடுத்து ஒருவர் வீட்டுக்குக் காவல்துறையை வரவழைத்தது. 60 வயதுக்காரரான அவர் மாரடைப்பில் இறந்துபோனார். குற்றவாளி ஒருவருக்கு 2021இல் 5 ஆண்டு சிறை. ஒரு பெயருக்காக இது.

ஒரே பெயர் 9,999 பேருக்குக் கிடைத்தவரை அப்படியொரு பெயருக்குச் சந்தை உருவாக இடம் குறைவு. 0001 மாதிரி எண்களுக்கு ஒரு மவுசு இருந்தது உண்மை. நைட்ரோ என்ற மாதாந்தரச் சந்தா கட்டினால் எண்ணைத் தேர்ந்தெடுக்கவும் விட்டார்கள். ஆனாலும் எந்தப் பெயரிலும் அடுத்தவருக்கு இடம் இருந்தது.

2023 ஜூன் 14

மாற்றம் தொடங்கிவிட்டது. பழைய கணக்குகளுக்கு முதலில், பிறகு படிப்படியாகப் புதியவற்றுக்கு. 2015இல் வந்தவர் முதலில் எடுப்பார், போன வருடம் வந்தவருக்கு மிச்சம். தட்டுப்பாடு என்று நான் சொன்னது இதைத்தான்.

சர்வர் நடத்துபவர்களுக்கு அவசர வேலை. தடை செய்தவர் பட்டியல், எச்சரிக்கைக் குறிப்பு, போட்டிப் பதிவுத் தாள் எதிலாவது ஆட்களைப் பெயரும் எண்ணுமாகக் குறித்து வைத்திருந்தால் சீக்கிரமே அது செல்லாக் காசு. ஐடிக்கு, அதாவது ஒவ்வொரு கணக்குக்கும் தளம் தரும் மாறாத எண்ணுக்கு மாற்றுங்கள்.

அமைப்புகள், அதில் மேம்பட்டவை, அதில் டெவலப்பர் மோட். அதை இயக்குங்கள். பிறகு ஆளின் பெயரில் வலது சொடுக்கினால் கீழே ஐடியை நகலெடுக்கும் வரி வரும். ஃபோனில் ஆளின் அட்டையைத் திறந்து மூன்று புள்ளியைத் தட்ட வேண்டும். 17 முதல் 19 இலக்கம் இருக்கும். பெயர் எத்தனை முறை மாறினாலும் இது மாறாது. நட்புப் பட்டியல் கலையாமல் இருப்பதும் இதனால்தான்.

இதை எக்செல் மாதிரித் தாளில் ஒட்டும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். அந்தத் தாள்கள் எண்ணை 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்திருக்கும். மீதி எல்லாம் சுழியாகிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை உரை வகைக்கு மாற்றுங்கள். ஒட்டியபின் மாற்றினால் போன இலக்கம் திரும்பாது. ஜாவாஸ்கிரிப்டில் போட் (தானாக இயங்கும் நிரல்) எழுதுகிறவர்களுக்கும் இதே கதை: 9007199254740991க்கு மேல் முழு எண் துல்லியம் போய்விடும். ஐடியைச் சரமாகவே (எண்ணாக அல்ல, எழுத்துத் தொடராக) கையாளுங்கள்.

2023 ஜூன் 15

போட் எழுதுகிறவர்கள் கேட்டவற்றுக்கு.

மாறிய கணக்குக்கு ஏபிஐ (நிரல்கள் தளத்திடம் தகவல் கேட்கும் வழி) பழைய எண்ணுக்குப் பதில் ஒற்றைச் சுழியைத் தருகிறது. நாலு சுழி அல்ல. நாலு சுழி வெப்ஹூக்குக்கு. ஒப்பிடும் வரியில் இதைத் தவறவிட்டால் மாறியவர்கள் எல்லோரும் மாறாதவர்கள் போலத் தெரிவார்கள், ஹாஷ் குறியோடு ஒரு சுழி ஒட்டிய பெயர் திரையில் வரும். போட் கணக்குகளுக்குப் பழைய நாலு எண் தொடர்கிறது. அதனால் அந்தப் புலத்தை மொத்தமாக நீக்கிவிடாதீர்கள்.

சொந்தப் படம் வைக்காதவர்களுக்குத் தளம் தரும் படத்தின் நிறமும் மாறும். முன்பு நாலு எண்ணை 5ஆல் வகுத்த மீதி. 4821 என்றால் மீதி 1. இப்போது ஐடியை 22 பிட் வலப்பக்கம் தள்ளி 6ஆல் வகுத்த மீதி. நிறத்தை வைத்து ஆளை அடையாளம் கண்டவர்கள் குழம்ப வேண்டாம்.

கணக்கு எப்போது தொடங்கியது என்பதும் ஐடிக்குள்ளேயே இருக்கிறது. அதே 22 பிட் தள்ளல், அதாவது 4194304ஆல் வகுத்து முழு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது. அதோடு 1420070400000 கூட்டினால் மில்லி விநாடியில் நேரம் கிடைக்கும். 2015இன் முதல் நொடிதான் அவர்களுக்குத் தொடக்கம். அவர்களுடைய ஆவணத்தில் வரும் மாதிரி ஐடி 175928847299117063. இதற்கு 1462015105796 வரும், அதாவது 2016 ஏப்ரல் 30. உங்கள் நிரலைச் சரிபார்க்க இதையே போட்டுப் பாருங்கள். பிரபலமான ஒருவரின் பெயரில் வரும் கணக்கு முந்தாநாள்தான் தொடங்கியது என்று தெரிந்தால் போலியைப் பிடிக்க அது போதும்.

2023 நவம்பர் 21

எண் ஒட்டும் முறை பழசாகிவிட்டது என்று மே மாதத்தில் இங்கே வாதாடினவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரயட் நிறுவனம் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டில் இத்தனை நாள் இருந்த தனிப்பெயர் முறையை நேற்று கைவிட்டது. இனி பெயர், ஹாஷ் குறி, 3 முதல் 5 குறிகள் கொண்ட ஒட்டு. பெயர் யாருக்கும் ஏகபோகம் இல்லை. ஒரே வருடத்தில் ஒருவர் எண்ணை எடுக்கிறார், மற்றவர் ஒட்டைச் சேர்க்கிறார். அங்கே ஒட்டை ஆளே தேர்ந்தெடுக்கலாம். நினைவில் நிற்காத எண் என்ற குறைக்கு அதுவே விடை. மே 6 அன்று நான் பொத்தான், க்யூஆர் என்று எழுதியபோது இந்த வழியைச் சொல்லாமல் விட்டது என் கவனக்குறைவு.

2024 பிப்ரவரி 22

சிக்னல் அரட்டைச் செயலியிலும் யூசர்நேம் வந்திருக்கிறது. கடைசியில் குறைந்தது இரண்டு எண் கட்டாயம். கட்டாயமாக எண் வந்தால் ஊகித்துப் பிடிப்பது கடினமாகும், நல்ல பெயரை முந்திப் பதுக்குவதிலும் லாபம் குறையும். யூசர்நேம் வைப்பதே விருப்பம்தான், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அரட்டையில் அது காட்டப்படுவதும் இல்லை. ஆளைக் கண்டுபிடிக்கும் சாவி ஒன்று, கூப்பிடும் பெயர் வேறொன்று என்று பிரித்துவிட்டார்கள். டிஸ்கார்டும் பிரித்திருக்கிறது, ஆனால் சாவியைப் பெயர் மாதிரியே ஆக்கி எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டது.

2024 மார்ச் 9

பெயர் தேர்ந்தெடுக்காமல் விட்டவர்களுக்கு இந்த மாதம் தளமே பெயர் ஒதுக்கத் தொடங்கிவிட்டது. "என் பழைய தமிழ்ப் பெயர் திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்டவருக்கு: யூசர்நேமாகக் கிடைக்காது. ஒதுக்கிய பெயர் பிடிக்கவில்லை என்றால் அமைப்புகளில் உங்கள் கணக்குப் பக்கத்தில் யூசர்நேமுக்கு எதிரே உள்ள திருத்து பொத்தானைத் தட்டி, கடவுச்சொல் கொடுத்து மாற்றலாம். மாற்றியவுடன் அந்தப் பெயரை வேறெங்காவது எழுதி வைத்திருந்தால் அங்கேயும் திருத்துங்கள், பழைய பெயரைத் தட்டுபவருக்கு நீங்கள் கிடைக்க மாட்டீர்கள். தமிழ்ப் பெயரை டிஸ்ப்ளே நேமில் வையுங்கள். அதற்கும் 32தான் எல்லை. தமிழில் மெய்க்குப் புள்ளியும் உயிர்மெய்க்குத் துணைக்குறியும் தனித்தனிக் குறிகள், அதனால் கண்ணுக்குத் தெரியும் எழுத்து 32 கிடைக்காது. கீர்த்தனா என்பது பார்வைக்கு ஐந்தெழுத்து, ஒன்பது குறி.

அவர்களுடைய கருத்துப் பெட்டிக்கு எழுதுகிறவர்கள் "பழையதைத் திரும்பக் கொடு" என்று மட்டும் எழுத வேண்டாம், அதை ஒதுக்கிவிடுவது சுலபம். டிஸ்ப்ளே நேமோடு விருப்பமான ஒரு ஒட்டைச் சேர்த்து, அந்த இரண்டையும் தட்டினால் ஆள் கிடைக்கும்படி செய்யச் சொல்லுங்கள். எந்த மொழி எழுத்தும் அதில் செல்லும், யாருடைய யூசர்நேமையும் பிடுங்க வேண்டாம்.